அச்சு அசல் பதில்கள்

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். ரப்பர் பாகங்கள் எல்லாம் கருவாடாகக் காய்ந்துவிட்டன. பாலியூரித்தேனில் நானே வார்த்துக்கொள்ளலாமா? (மதுரை வாசகர்)

தாராளமாக. ஆனால் கடையில் கிடைப்பதை வார்ப்பது, பால்காரர் வாசலில் நிற்கும்போது மாடு வாங்கச் சந்தைக்குப் போவது போல. ஹெரால்டுக்குப் பிறந்த வீடு இங்கிலாந்தின் ட்ரையம்ப். முன் சஸ்பென்ஷன் புஷ்கள் அங்கே இன்றும் பாலியூரித்தேனிலேயே செட்டாக விற்கின்றன. அளவு ஒத்துப்பார்த்து வரவழையுங்கள். உங்களுடையது நான்கு கதவு வண்டி என்றால் கதை வேறு. அது இந்தியாவில் மட்டும் வந்த மாடல். பின் கதவின் சில்லறை ரப்பர்களைக் கேட்டால் இங்கிலாந்துக்காரர் கையை விரிப்பார். சென்னை புதுப்பேட்டையில் தேடுங்கள், அங்கும் இல்லையென்றால் அச்சுதான் கதி.

கதவு பீடிங்கையும் வார்த்துவிடலாமா? (கரூர் வாசகர்)

பீடிங் முறுக்கு ஜாதி, நீளமாகப் பிழிந்தெடுப்பது. வார்ப்பு பணியார ஜாதி, குழிக்கு ஒன்று. பழைய பீடிங்கில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு சென்னை ஜி.பி. ரோடு போங்கள். வெட்டுமுகம் பொருந்துவதை மீட்டர் கணக்கில் வாங்குங்கள்.

பழைய புஷ்ஷை வைத்து பிளாட்டினம் சிலிக்கானில் அச்செடுத்தேன். இரண்டு நாளாகியும் புஷ்ஷை ஒட்டிய பகுதி மட்டும் பிசுபிசுக்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா? (ஈரோடு வாசகர்)

கடைக்காரரை விட்டுவிடுங்கள், குற்றவாளி புஷ்தான். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். பிளாட்டினம் வகைக்குக் கந்தகம் ஆகவே ஆகாது. பட்ட இடத்தில் இறுகாது. டின் வகை சிலிக்கானுக்கு இந்தப் பகை இல்லை. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாற்பது வருடம் நசுங்கிய புஷ்ஷை அச்செடுத்தால், நாற்பது வருடம் நசுங்கிய புஷ்தான் வரும். தேயாத பக்கத்தையும் அது உட்காரும் துளையையும் வெர்னியரில் அளந்து, லேத் பட்டறையில் அலுமினியத்தில் ஒரு மாதிரி கடைந்துகொள்ளுங்கள். கந்தகத் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

எப்படி வார்த்தாலும் உள்ளே குமிழ். ஏன்? (கடலூர் வாசகர்)

எனக்கும் நடந்தது. கார்த்திகை மாத மழை இரவு, மொட்டைமாடி ஷெட், பத்து புஷ். காலையில் ஒன்றை பிளேடால் வெட்டிப் பார்த்தேன்: உள்ளே இட்லி! நல்ல மல்லிகைப்பூ இட்லி. புஷ்ஷுக்கு அந்த அழகு எதற்கு?

ஈரம்தான் காரணம். கலவையில் இருக்கும் ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு கிளம்பும். காற்றின் ஈரம் போதும். கலக்கிய ஐஸ்கிரீம் குச்சிக்குள் இருக்கும் ஈரம்கூடப் போதும். மரக்குச்சியை விட்டு ஸ்டீல் கரண்டிக்கு மாறுங்கள். ஊற்றியதும் டப்பாவை இறுக மூடுங்கள். மழை நாளில் வேறு வேலை பாருங்கள். அளவுக்குக் கிராம் தராசு. கண்ணளவு ரசத்தோடு நிற்கட்டும். ஓரத்தையும் அடியையும் சுரண்டிக் கலக்கி, வேறு கப்புக்கு மாற்றி இன்னொரு முறை கலக்குங்கள். கலக்கும்போது சிக்கிய காற்றை வேக்குவம் பம்பு இழுத்துவிடும். அப்போது கலவை பால் போலப் பொங்கி எழுந்து அடங்கும். ஆகவே பாத்திரம் பெரிதாக இருக்கட்டும். என்னுடையது சிறிது. பம்பைக் கழுவ ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

கடினம் எவ்வளவு? நண்பர் 95 என்கிறார். (கோவை வாசகர்)

நண்பர் உங்கள் காரில் ஏறுவதில்லை போலும். ஷோர் ஏ அளவில் டயரின் ஓடுபரப்பே சுமார் 60, 70தான். முன் புஷ்ஷுக்கு 80 போதும். 95இல் ஒவ்வொரு வேகத்தடையும் உங்கள் முதுகெலும்பை எண்ணிச் சொல்லும்.

மாட்டியதிலிருந்து கீச் கீச் சத்தம். (தஞ்சை வாசகர்)

ரப்பர் புஷ் பிடித்துக்கொண்டு முறுகும். பாலி புஷ் குழாய் மேல் வழுக்கும். சிலிக்கான் கிரீஸ் தடவாமல் மாட்டினால் பாடத்தான் செய்யும்.

ஐசோசயனேட் என்றதும் மனைவி 'போபால்' என்று பதறுகிறார். (திருச்சி வாசகர்)

நியாயமான பதற்றம். 1984இல் போபாலில் கசிந்தது மீதைல் ஐசோசயனேட், சட்டென ஆவியாகும். கையால் கலக்கும் கிட்களில் அதிகம் வருவது எம்.டி.ஐ. என்ற இன்னொரு ஐசோசயனேட்; அறை வெப்பத்தில் மிகக் குறைவாகவே ஆவியாகும். குடும்பப் பெயர் ஒன்று, குணம் வேறு. அதற்காக இது சாது என்று எண்ண வேண்டாம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளியளவு பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும். நைட்ரைல் கையுறையும் ரசாயன ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் முகக்கவசமும் கட்டாயம். கிட்டோடு வரும் பாதுகாப்புத் தாளில் 'மோகா' என்ற பெயரைக் கண்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது புற்றுநோய்ச் சரக்கு.

தம்பி கல்யாணத்துக்கு வாங்கி பீரோவில் வைத்த ஷூவின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதுவும் பாலியூரித்தேனாமே? என் புஷ்ஷும் உதிருமா? (நாகை வாசகர்)

பாலியெஸ்டர் வகையில் வார்த்தால் உதிரலாம். ஈரக்காற்று அதை மெல்ல அரித்துவிடும். பாலிஈத்தர் வகை கேட்டு வாங்குங்கள். எண்ணெயைத் தாங்குவதில் பாலியெஸ்டர்தான் கெட்டி. ஆனால் நாகையில் காருக்கு அடியில் எண்ணெயைவிட ஈரம் அதிகம்.

இவ்வளவு கற்றபின் பிரேக் சிலிண்டர் கப்பையும் வார்த்துவிடலாம் அல்லவா? (மீண்டும் மதுரை வாசகர்)

கூடாது. பிரேக் ஆயிலில் ஊறினால் பாலியூரித்தேன் உப்பிக் கெடும். வார்த்த கதவு ரப்பர் தவறினால் கதவு தடதடக்கும், அவ்வளவுதான். பிரேக் கப்பைக் கடையில் வாங்குங்கள்.