சீரிஸ் அண்ணாச்சி

கோவில்பட்டியில் நகை களவு போனால் கிழக்கு ஸ்டேஷனோ மேற்கு ஸ்டேஷனோ விசாரிக்கும். சாம்பலூரில் பெண்பிள்ளை காணாமல் போனால் சீரிஸ் அண்ணாச்சிதான் விசாரித்தாக வேண்டும்.

சாம்பலூரை வரைபடத்தில் தேட வேண்டாம். ‘சுழல்’ தொடருக்காகப் புஷ்கர்–காயத்ரி உண்டாக்கிய ஊர் அது. 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் எட்டுப் பகுதிகளாக வந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் விட்டார்கள். அத்தனை மொழிக்காரர்களும் பார்த்து முடித்து, அடுத்த தொடருக்குப் போய், அதையும் முடித்துக் கைகழுவிய பிறகு ஒருநாள் அண்ணாச்சி டீக்கடைக்கு வந்து, “தம்பி, ஒரு சீரிஸ் கண்டுபிடிச்சிருக்கேன்” என்றார். அது வந்த வாரமே அவருடைய மருமகன், “மாமா, அவசியம் பாருங்க” என்று சொல்லியிருந்தான். “நாடகம் பாக்க எனக்கு ஏதுப்பா நேரம்?” என்று பதில் சொல்லியிருந்தார். அந்த வாக்குமூலம் இப்போது கோப்பில் இல்லை.

இந்தப் பக்கத்தில் ஊருக்கு ஒரு சீரிஸ் அண்ணாச்சியாவது தேறுவார். கழுகுமலையில் வாத்தியாராக இருப்பார், எட்டயபுரத்தில் உரக்கடை வைத்திருப்பார். நம்மவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். (தொழிற்சாலை என்று இங்கே யாரும் சொல்வதில்லை, ஆபீஸ்தான்.) பெங்களூரில் இருக்கும் மச்சானின் பாஸ்வேர்டில் படம் பார்க்கிறார். அதிலும் மச்சான் மகளின் பெயர் போட்ட கட்டத்துக்குள் போய்ப் பார்க்கிறார். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அந்தப் பிள்ளைக்கு, ‘உங்களுக்குப் பிடிக்கலாம்’ என்று இப்போது வரிசையாகப் பிணமாக வருகிறதாம்.

“ஒரே ஒரு பகுதி” என்று ராத்திரி பத்து மணிக்கு உட்காருவார். பால்காரர் மணியடிக்கும்போது எட்டாவது பகுதி முடியும். முகம் கழுவிக்கொண்டு நேரே பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை. எட்டு மணி நேரத்தில் பார்த்ததை எட்டு வாரம் பேச வேண்டும் என்பது அவருடைய கொள்கை. யார் இன்னும் பார்க்கவில்லையோ அவருக்கு அன்றைக்கு டீ இலவசம். பார்த்துவிட்டேன் என்று சொல்லுகிற ஆளை, கடன் கேட்டு வந்தவரைப் பார்ப்பது மாதிரி பார்ப்பார்.

“நான் கதையைச் சொல்ல மாட்டேன்” என்றுதான் ஆரம்பிப்பார். “கதையைச் சொன்னா ருசி போயிரும். ஆனா ஒண்ணு மாப்ளே, பார்த்திபன் யூனியன் தலைவரா வாராரு. அவரை நம்பிராத. அதுக்காக நம்பாமலும் இருந்திராத.” இதைக் கேட்டவன் எட்டுப் பகுதியும் பார்த்திபனையே பார்த்துக்கொண்டிருப்பான். கதிர் என்ன செய்தார், ஐஸ்வர்யா ராஜேஷ் ஏன் அழுதார், எதுவும் மனசில் நிற்காது.

முதல் பகுதியிலேயே சிமெண்ட் ஆலை பற்றி எரிகிறது. அங்கேதான் அண்ணாச்சியின் தொழிலறிவு விழித்துக்கொண்டது. தீயைப் பற்றி அவரிடம் யாரும் பேச முடியாது. குச்சி மருந்தில் குளோரேட் எவ்வளவு, பெட்டிப் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ் எவ்வளவு என்று கனவிலும் ஒப்பிப்பவர். “சிமெண்ட் எப்படிப்பா எரியும்? சுண்ணாம்புக்கல்லை 1,450 டிகிரியில வேக வச்சு எடுத்த சாமான்லா அது! ஏற்கெனவே எரிஞ்சு முடிஞ்சது!” என்றார். எதிரே இருந்தவர், ஆலையில் நிலக்கரி உண்டு, எண்ணெய் உண்டு, பெல்ட்டு உண்டு, எல்லாம் எரியும் என்று பதமாகச் சொன்னார். அண்ணாச்சி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கதை சிமெண்டைத் தாண்டி நகரவில்லை. தொடரில் காணாமல் போன நிலா என்ற பிள்ளையைத் தேட ஆளில்லாமல் போயிற்று.

இந்தச் சபையில் எதிர்க்கட்சி என்று ஒருவர் உண்டென்றால் அவர் ஓய்வுபெற்ற ஏட்டையா. தொடர் எதையும் முழுசாகப் பார்த்ததில்லை. பார்க்காததால்தான் அவருக்கு அபிப்பிராயங்கள் திடமாக இருக்கின்றன. “எடுத்ததும் கைரேகை எடுக்கான், செல்போன் டவரைப் பாக்கான். நெசத்துல பொணம் கிடக்கிற இடம் எந்த ஸ்டேஷன் எல்லைன்னு முடிவு பண்ணவே சாயங்காலம் ஆயிரும்” என்பார். ஒருநாள் அண்ணாச்சி உணர்ச்சிவசப்பட்டு, “அவன் மேல முந்நூத்திரெண்டு போட்ருக்கணும்” என்றார். ஏட்டையா டீ கிளாஸை வைத்தார். “முந்நூத்திரெண்டு இப்ப ஏது? 2024 ஜூலை ஒண்ணாந் தேதியோட எல்லாம் மாத்தியாச்சு. கொலைக்கு இப்ப நூத்திமூணு. சந்தேக மரணத்துக்கு நூத்தியெழுபத்திநாலு போட்டது இப்ப நூத்தித்தொண்ணூத்திநாலு.” சபை கலங்கிப்போனது. அப்படியென்றால் ‘420’? அதுவும் 318 ஆகிவிட்டது என்றார் ஏட்டையா. ஒருத்தனை ‘முந்நூத்திப் பதினெட்டு’ என்று திட்டினால் ரோஷம் வருமா என்று வெகுநேரம் விவாதம் நடந்து, வராது என்று தீர்மானமாயிற்று.

இந்தப் பேச்சுப் பசி அமேசான் வந்து உண்டாக்கியதில்லை. கரிசல்காட்டில் கதை சொல்ல ஒரு வாய் போதாது, ‘உம்’ கொட்ட இன்னொரு வாய் வேண்டும். மானாவாரி பூமி. புரட்டாசி, ஐப்பசியில் வானத்தைப் பார்த்து விதைத்து, தை மாசியில் உளுந்தும் பாசியும் சோளமும் வீடு வந்துவிட்டால், மறு மழை வரைக்கும் வேப்பமரத்தடிதான். பக்கத்து இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் வாய்மொழிக் கதைகளை வாழ்நாளெல்லாம் தேடிச் சேர்த்தார் என்றால், தேடின இடத்தில் கிடைத்தது என்றுதானே அர்த்தம். அப்புறம் பஸ் ஸ்டாண்டுக் கடையில் ராஜேஷ்குமாரின் பாக்கெட் நாவல் தொங்கியது. அண்ணாச்சி சின்ன வயசில் அதை வாங்கி, மதுரை போய்ச் சேருவதற்குள் முடித்து, திரும்பி வருகிறபோது பக்கத்து சீட்டுக்காரருக்கு முடிவைச் சொல்லிவிடுவார்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சன் டிவியில் ‘விடாது கருப்பு’ வந்தது. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். வாரத்துக்கு ஒருநாள்தான். அந்த நேரத்தில் தெருவில் நாய்கூட நிதானமாகக் குறுக்கே போகும். கொல்வது சாமியா, ஆளா? இந்த ஒரு கேள்வியை வாரம் முழுக்கக் கம்மாய்க்கரையிலும் தீப்பெட்டி ஆபீஸிலும் மென்றார்கள். பருத்தி எடுக்கிற பெண்கள் ஒரு கொலைகாரனைச் சொன்னார்கள், முடி திருத்தும் கடையில் இன்னொருவனைச் சொன்னார்கள். இது நம்முடைய வியாதி மட்டும் என்று வெட்கப்பட வேண்டாம். ‘டல்லாஸ்’ தொடரில் ஜே.ஆர். என்பவரை 1980 மார்ச் 21 அன்று யாரோ சுட்டுவிட்டார்கள். சுட்டது யார் என்று நவம்பர் 21 அன்றுதான் காட்டினார்கள். எட்டு மாசம் அமெரிக்கா முழுக்க இதே பேச்சு.

இப்போது எட்டுப் பகுதியையும் ஒரே ராத்திரியில் தலையில் கொட்டிவிடுகிறார்கள். கொட்டினதை அள்ளி, நாளுக்கு ஒரு பிடியாகத் திரும்ப வாரத் தொடராக்குகிற வேலையை அண்ணாச்சி சம்பளமில்லாமல் செய்கிறார். ஒரு பகுதியை இரண்டு காலைகளுக்குப் பிரிப்பார். திருப்பம் வருகிற இடத்தில் நிறுத்தி, கடலைமிட்டாயை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வார். கோவில்பட்டிக் கடலைமிட்டாய், 2020இல் புவிசார் குறியீடு வாங்கியது, அவ்வளவு சீக்கிரம் கரையாது. அதுவரைக்கும் சபை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. 2022 டிசம்பரில் வந்த ‘வதந்தி’யை அண்ணாச்சி வழக்கம்போலத் தாமதமாகக் கண்டுபிடித்தார். ஆண்ட்ரூ லூயிஸ் எடுத்தது. எஸ்.ஜே. சூர்யா சப்-இன்ஸ்பெக்டர், பேர் விவேக். “ராஜேஷ்குமார் நாவல்லயும் துப்பறியுறவர் பேரு விவேக்தான்!” என்று முதல் நாள் முழுக்க அந்தப் பொருத்தத்திலேயே போனது. கன்னியாகுமரிப் பக்கம் வெலோனி என்ற இளம்பெண் கொலை. ஆளுக்கொரு வெலோனியைச் சொல்கிறார்கள், வதந்தி மேல் வதந்தி. நாலாம் நாள் காய்கறி மார்க்கெட்டிலிருந்து ஒரு பெண்மணி டீக்கடைக்காரரிடம், “கன்னியாகுமரியில ஒரு பிள்ளையைக் கொன்னு போட்டுட்டாங்களாமே, நம்ம கணக்குப்பிள்ளை அண்ணாச்சிக்கு எல்லாம் தெரியுமாமே?” என்று கவலையோடு கேட்டார். அண்ணாச்சிக்குக் கொஞ்சம் பயம், நிறையப் பெருமை.

அவருடைய தீராத மனக்குறை ஒன்று உண்டு. “கொலைன்னா மலையில நடக்கு, இல்லைன்னா கடக்கரையில நடக்கு. பனி பெய்யுது, சாரல் விழுது. நம்ம கரிசல்ல ஒருத்தன் கொலை பண்ணப்படாதா?” நியாயமான கேள்வி. ஆனால் தயாரிப்பாளர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. உச்சிவெயிலில் நிழல்கூட ஆளுக்குக் கீழே ஒடுங்கிக்கொள்ளுகிற பூமியில் மர்மத்தை எங்கே ஒளித்துவைப்பது? சீமைக்கருவேலந் தூருக்குள் வேண்டுமானால் ஒளிக்கலாம், கேமராமேன் முள் தைத்துத் திரும்பிப் போய்விடுவார். தடயம் அதைவிடச் சிக்கல். மழை பெய்தால் கரிசல் மண் காலில் அப்பிக்கொள்ளும், நாலு எட்டு வைத்தால் பாதத்துக்கு ஒரு கிலோ. கொலைகாரன் ஓட முடியாது, துரத்துகிற போலீசும் ஓட முடியாது. இரண்டு பேரும் நின்று மண்ணை வழித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். கோடையிலோ நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கத்தியை நழுவவிட்டால் வெடிப்புக்குள் போய்விடும், அடுத்த உழவில்தான் வெளியே வரும். இதையெல்லாம் அண்ணாச்சி விளக்கிச் சொல்லிவிட்டு, “பாத்தீகளா, எம்புட்டு நல்ல சீன்?” என்பார். உண்மையில் நல்ல சீன்தான்.

ஒருநாள் புது ஆதாரத்தோடு வந்தார். “சுழல் வந்தது ஜூன் பதினேழு. மணியாச்சியில ஆஷ் துரையைச் சுட்டது 1911 ஜூன் பதினேழு! நம்ம மணியாச்சி! கலெக்டரு பொண்டாட்டியோட கொடைக்கானலுக்குப் போறாரு, ரயில் ஜங்ஷன்ல நிக்கி, வாஞ்சி பெட்டிக்குள்ள ஏறிச் சுடுதாரு. இதைவிட ஒரு கிரைம் சீரிஸ் உண்டுமா?” தேதிப் பொருத்தம் உண்மைதான். ஆனால் ‘கிரைம்’ என்ற சொல்லைக் கேட்டதும் பெஞ்சின் அந்தக் கோடியிலிருந்து ஒரு பெரியவர், “வாஞ்சிநாதன் பண்ணினது கிரைமா?” என்று எழுந்துவிட்டார். அண்ணாச்சி அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானமாக வேண்டியதாயிற்று.

‘சுழல்’ இரண்டாம் சீசனில் அவர் பிந்தவில்லை. 2025 பிப்ரவரி 28, வந்த ராத்திரியே முடித்துவிட்டார். கதை காளிபட்டினம் என்ற கற்பனைக் கடலோர ஊருக்கு நகர்ந்திருந்தது. அங்கே அஷ்டகாளித் திருவிழா, வேஷங்கட்டிய கூட்டம். “இது நம்ம குலசை தசராதான்!” என்று கண்டுபிடித்தார். குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயிலுக்கு வேஷம் கட்டிப் போகாத தெரு இந்த மாவட்டத்தில் குறைவு. ஏட்டையா வருஷா வருஷம் அங்கே பந்தோபஸ்து பார்த்தவர். “அம்புட்டுக் கூட்டத்துல யாருக்குச் செயின் போச்சு, எந்தப் பிள்ளை தொலைஞ்சுதுன்னு மைக்ல கூவவே நேரம் காணாது. காளி வேஷத்துல ஆயிரம் பேரு நிக்கான். இதுல சந்தேகப்பட்ட ஆளை எங்க தேட?” என்றார். முதல் தடவையாக அண்ணாச்சி அவரை மறுக்கவில்லை. “இந்த ஒரு வசனத்தை அவங்க கிட்டச் சொல்லியிருக்கலாம் ஏட்டையா” என்றார்.

அவருடைய துப்பறியும் திறமைக்கு நேரடிச் சோதனை ஒருமுறைதான் வந்தது. ஆபீஸில் பண்டல் கணக்கு உதைத்தது. அதற்கு முந்தின ராத்திரிதான் ‘விலங்கு’ தொடரை முடித்திருந்தார். மெஷின்காரர், லோடுமேன், வாட்ச்மேன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்காரவைத்து, பேசாமல் முகத்தையே உற்றுப் பார்த்தார். சாயங்காலம் முதலாளி வந்து பேரேட்டைப் புரட்டினார். ஒரே லோடை அண்ணாச்சி இரண்டு தடவை பதிந்திருந்தார். “குற்றவாளி எப்பவும் பக்கத்துலயேதான் இருப்பான்னு நான் அப்பவே சொன்னேன்லா” என்று மறுநாள் அதையும் ஒரு பகுதியாக டீக்கடையில் வெளியிட்டார்.

என்னைக் கேட்டால், இவற்றில் ‘விலங்கு’தான் முதலில் பார்க்க வேண்டியது. 2022 பிப்ரவரியில் ஜீ5இல் வந்தது, பிரசாந்த் பாண்டியராஜ் இயக்கம், விமல் சப்-இன்ஸ்பெக்டர். ‘சுழல்’ போலப் படாடோபம் இல்லை. நம் ஊர் ஸ்டேஷனின் வேர்வையும் அலுப்பும் கெஞ்சலும் அதிகாரமும் அதில்தான் உள்ளபடி இருக்கின்றன. கிச்சப்பாவாக நடித்த ரவியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல நாக்கு துறுதுறுக்கிறது. சொன்னால் நானும் அண்ணாச்சியாகிவிடுவேன்.

ஆகவே கோவில்பட்டிப் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அண்ணாச்சி உங்களைப் பிடித்து, “தம்பி, நீங்க இதைப் பாத்தாச்சா?” என்று கேட்டால், பத்துத் தடவை பார்த்திருந்தாலும் இல்லை என்று சொல்லுங்கள். டீ வரும். இடையிடையே ‘உம்’ மட்டும் கொட்டினால் போதும்.