பத்துக்கு எத்தனை?

யாழ்ப்பாணத்தானிடம் எதையாவது நீட்டி ‘இது எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எனக்குத் தெரியாது’ என்ற விடை மட்டும் வராது. கத்தரிக்காய்க்கும் சொல்லுவோம், கப்பலுக்கும் சொல்லுவோம். கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் படலை தாண்ட முன்னமே புள்ளி போட்டு முடித்திருப்போம்.

அதனால்தான் 2022 ஆவணியில், நல்லூர்த் திருவிழாவுக்கென்று லண்டனிலிருந்து வந்த மருமகன் தன் லப்டொப்பைத் திறந்து வைத்து, “மாமா, இது ஸ்னூக்கர் கேம். விளையாடிப் பாத்திட்டு பத்துக்கு எத்தினை எண்டு சொல்லுங்கோ. உண்மையான ஸ்னூக்கர் மாதிரி இருக்கோ?” என்று கேட்டபோது, நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டேன்.

சின்னக் குறை ஒன்று இருந்தது. உண்மையான ஸ்னூக்கர் மேசையை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

அதை மருமகனுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. உருண்டை சம்பந்தமான அனுபவம் எனக்குக் குறைவில்லை. ஒழுங்கை முழுக்கப் போளையடித்துப் பெருவிரல் தேய்ந்தவன் நான். அதோடு, வருடப்பிறப்புக்குப் போர்த்தேங்காய் அடிக்கிற ஊரில் பிறந்தவன். ஒரு தேங்காயை வைத்து மற்றத் தேங்காயால் ஓங்கி அடித்து எது உடைகிறதென்று பார்க்கிற விளையாட்டு அது. ஸ்னூக்கரும் ஏறக்குறைய அதுதான். வெள்ளைக்காரன் உடையாத தேங்காயைக் கண்டுபிடித்துவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் கரம். எங்கள் ஊர் வாசிகசாலையின் பின் விறாந்தையில் ஒரு கரம் போட் இருந்தது. முன் அறையில் பேப்பர் படிக்கிறவர்கள் உலக விவகாரங்களுக்குத் தீர்ப்புச் சொல்ல, பின்னால் நாங்கள் சிவப்புக் காய்க்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்போம். ஆட்டம் பத்து நிமிடம் என்றால் அதற்கு நியாயம் கதைப்பது முக்கால் மணித்தியாலம். ஸ்ட்ரைக்கர் கோட்டைத் தொட்டதா, முழங்கை உள்ளே வந்ததா, சிவப்புக்குக் ‘கவர்’ எடுத்தாயிற்றா இல்லையா என்று தொண்டை கிழியும். தீராமல் போனால் முன் அறையிலிருந்து ஒரு பெரியவரைக் கூட்டி வருவோம். அவர் ஒன்றையும் கண்டிருக்க மாட்டார். தீர்ப்பை மட்டும் தெளிவாகச் சொல்லுவார்.

இந்தத் தகுதிகளோடு நான் ஸ்னூக்கரை மதிப்பிட உட்கார்ந்தேன்.

திரையில் பச்சைப் பசேலென்று ஒரு மேசை. நீளம் 12 அடி, அகலம் 6 அடி என்றான் மருமகன். அப்படியொன்றை எங்கள் விறாந்தையில் வைத்தால் குடும்பம் முற்றத்தில்தான் படுக்கவேண்டும். மேசையில் 22 பந்துகள். சிவப்பு மட்டும் 15. எங்கள் கரத்தில் சிவப்பு ஒன்றே ஒன்று. நடுவில் வீற்றிருக்கும் ராணி. இங்கேயோ சிவப்புகள் முக்கோணமாய் ஒட்டிக்கொண்டு, தலைக்கு ஒரு புள்ளிக்கு நின்றன. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, மண்ணிறத்துக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6. கரத்தில் பத்துப் புள்ளிக்கு மலிந்து கிடந்த கறுப்பு, இங்கே 7 புள்ளியோடு எல்லாருக்கும் பெரியவர். முதலில் ஒரு சிவப்பை விழுத்தவேண்டும், பிறகு ஒரு நிறம், திரும்பச் சிவப்பு, திரும்ப நிறம். விழுந்த நிறப்பந்து மேலே வந்து தன்னுடைய இடத்தில் குந்திக்கொள்ளும். சிவப்புகள் தீர்ந்த பிறகுதான் நிறங்கள் ஒவ்வொன்றாய்ப் போனால் போனதுதான்.

முதல் அடியைக் கரம் உடைக்கிற வேகத்தில் அடித்தேன். சிவப்புகள் சிதறி ஓடின. நல்ல சத்தம். வெள்ளைப் பந்து நாலு பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி, ஆறுதலாக மூலைப் பொக்கற்றுக்குள் இறங்கியது.

“ஃபவுல்” என்றது ஒரு குரல். எதிராளிக்கு 4 புள்ளி ஏறிவிட்டது.

நான் வாயைத் திறந்தேன். கை தவறிப்போச்சு, விசை இறுகிக்கிடந்தது, இப்பதான் பழகுறன், நீ இன்னும் ‘தொடங்கு’ எண்டு சொல்லேல்லை என்று நாலு நியாயம் நாக்கு நுனியில் வரிசைகட்டி நின்றன. யாரிடம் சொல்வது? அந்தக் குரலுக்கு முகம் இல்லை. அதன் தகப்பனை எனக்குத் தெரியாது. போன வருடம் அது என்ன களவு விளையாடினது என்று இழுத்துக் காட்டவும் வழியில்லை. நாற்பது வருட விளையாட்டு அனுபவத்தில் முதல் தடவையாக ஒரு ஃபவுலை வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டேன். அன்றிரவு எனக்கு நெஞ்செரிவு.

அடுத்த நாள் பெரியப்பா வந்தார். பெரியப்பா இளைப்பாறிய கணித வாத்தியார். மருமகன் விளக்கியதைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக் கோடு கீறி, தானும் புள்ளி எழுதப்போவதாக அறிவித்தார்.

“தாத்தா, கொம்பியூட்டரே ஸ்கோர் எழுதும்.”

“அது எழுதட்டும். சரியோ எண்டு ஒருத்தன் பாக்கவேணுமே.”

கோல் நுனியில் ஆட்டக்காரர் எதையோ தேய்ப்பதைத் திரையில் கண்டு, அது என்ன என்று கேட்டார். “சோக், தாத்தா.” பெரியப்பா முகத்தில் வெளிச்சம் வந்தது. “வெண்கட்டியோ? நான் முப்பத்தைஞ்சு வருஷம் பூசினனான். எனக்கு ஒருத்தனும் கப் தரேல்லை.”

அரை மணித்தியாலத்தில் கொப்பியில் கணக்குப் போட்டு அதிகபட்சப் புள்ளியையும் கண்டுபிடித்துவிட்டார். பதினைந்து சிவப்புக்கு 15, ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் கறுப்பு என்றால் 105, கடைசியில் ஆறு நிறங்களுக்கும் 27. கூட்டினால் 147. உலகம் முழுக்க ஸ்னூக்கர்க்காரர் வாயில் நிற்கிற இலக்கம் அதுதான் என்று மருமகன் சொன்னபோது, ‘தெரிந்ததுதானே’ என்பது போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். ரொனி ஓசல்லிவன் 1997 உலகப் போட்டியில் அந்த 147 ஐ 5 நிமிடம் 8 செக்கனில் எடுத்தாராம். எங்கள் முதல் ஆட்டம் முடிய ஒரு மணித்தியாலம் இருபது நிமிடம். அதில் நான் தொடர்ச்சியாக எடுத்த உச்சம் 8. ஒரு சிவப்பு, ஒரு கறுப்பு. பெரியப்பா அதைச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் காட்டினார். பாராட்டோ எச்சரிக்கையோ, இன்றுவரை விளங்கவில்லை.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது என்று விசாரித்தார். போனைப் பார்த்து மருமகன் வாசித்தான். 1875 இல் இந்தியாவின் ஜபல்பூரில், மழைக்காலத்தில் பொழுது போகாத பிரித்தானிய இராணுவ அதிகாரிகளிடையே பிறந்ததாம். கண்டுபிடித்தவர் நெவில் சேம்பர்லின்.

“ஹிட்லரிட்டை ஏமாந்த சேம்பர்லினோ?”

“அவர் வேறை ஆள், தாத்தா.”

வூல்விச் இராணுவக் கல்லூரியில் புதிதாய்ச் சேர்ந்த ஒன்றும் தெரியாத பெடியளை ‘ஸ்னூக்கர்’ என்று நக்கலடிப்பார்களாம். லேசான பந்தொன்றைத் தவறவிட்ட ஒரு அதிகாரியை சேம்பர்லின் அப்படி அழைக்க, அந்தப் பெயரே விளையாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு 1880களில் ஊட்டிக் கிளப்பில் இருந்துகொண்டு விதிகளை எழுதினார்கள். ஆக, விதி எழுதப்பட்டது தமிழ் நாட்டு மலையில். விளையாட்டின் பெயரோ என்னுடைய பெயர். உரிமை கோருவதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பெரியப்பா விடவில்லை. “எங்கடை நாட்டுக்கும் பங்கு இருக்கு. 1973 இலை பம்பாயிலை எம். ஜே. எம். லாபிர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் சம்பியனா வந்தவர். இலங்கையர். எழுது.” யாரை எழுதச் சொன்னார் என்று தெரியவில்லை. கொப்பி அவரிடம்தான் இருந்தது. அவரே எழுதினார்.

கொம்பியூட்டருக்குள் ஸ்னூக்கர் போன கதை இன்னும் சுவையானது. 1991 இல் ஆர்ச்சர் மக்லீன் என்ற ஆங்கிலேயர், ஜிமி வைற் என்ற ஆட்டக்காரரின் பெயரில் ஒரு கேம் செய்தார். அதில், அடிக்காமல் கனநேரம் யோசித்துக்கொண்டு நின்றால் மேசையிலுள்ள பந்துகள் எங்களைப் பார்த்து நெளிப்புக் காட்டுமாம். கேட்டவுடனேயே எனக்கு அந்த மக்லீனைப் பிடித்துவிட்டது. வாசிகசாலை தெரிந்த மனிசன். ஜிமி வைற்றையும் பிடித்துவிட்டது. 1984 இலும், பிறகு 1990 முதல் 1994 வரை ஒவ்வொரு வருடமும், உலகப் போட்டியின் இறுதியாட்டம் வரை வந்து ஆறு தரமும் தோற்றவர். ஆறு தரமும் ஏன் தோற்றார் என்று நியாயம் சொல்ல எங்கள் ஊர்ப் பெரியவர்களை அனுப்பியிருக்கலாம்.

1991 இல் நாங்கள் என்ன விளையாடினோம் என்று மருமகன் கேட்டான். 1990 ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கின பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அது நனைய மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த வெளிச்சத்தில் படிப்பு. ரேடியோ கேட்கச் சைக்கிளை நிறுத்தி வைத்துப் பெடலைச் சுத்தி டைனமோவில் கரண்ட் எடுப்போம். சுத்துகிற பெடியன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் களைத்துப்போவார். அங்கே பந்து நெளிப்புக் காட்டிக்கொண்டிருந்தபோது இங்கே எங்களுக்கு வாழ்க்கையே நெளிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கரம் போட் மட்டும் கரண்ட் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் என் மதிப்பீட்டை வெளியிட்டேன். மேசைக்குப் பத்துக்கு எட்டு. பந்து ஓடுகிற விதத்துக்கு ஒன்பது. ஓரத்தில் பட்டுத் திரும்புகிற கோணம் சரியென்று பெரியப்பா பாகைமானி வைத்துச் சொன்னார். நடுவருக்குப் பூச்சியம்.

“ஏன் மாமா? அது பிழையே விடாதே!”

“அதுதான் பிழை.”

மருமகனுக்கு விளங்கவில்லை. உண்மையான ஸ்னூக்கரில் இன்னும் மோசம் என்றான். அங்கே நடுவர் காணாத ஃபவுலை ஆட்டக்காரரே ‘நான் பந்தைத் தொட்டுவிட்டேன்’ என்று ஒப்புக்கொள்வதுதான் மரியாதையாம். சேர்ட் கை பட்டாலும் சொல்லிவிடுவார்களாம். விறாந்தையில் ஒரு நிசப்தம். அத்தான் பிளேன் ரீயைக் கீழே வைத்தார். “ஆரும் காணாட்டிலுமோ?” என்று அக்கா இரண்டு தரம் கேட்டாள். ஏதோ அந்நிய தேசத்துக் கலியாண முறையைக் கேட்டதுபோல எல்லோரும் தலையை ஆட்டினோம்.

அன்று பின்னேரம் மருமகனோடு நான் மோதிய ஆட்டம் சரித்திர முக்கியத்துவம் வாய்ந்தது. மேசையில் கறுப்பு மட்டும் மிச்சம். நான் 5 புள்ளி பின்னுக்கு. கறுப்பு விழுந்தால் 7, வெற்றி எனக்கு. குறி பார்த்தேன். மூச்சை அடக்கினேன். கரண்ட் போய்விட்டது. அந்த வருடம் பங்குனியில் 13 மணித்தியாலம் வரைக்கும் போன கரண்ட், ஆவணியில் கொஞ்சம் இரக்கப்பட்டிருந்தது. ஆனாலும் நேரம் பார்த்துத்தான் வெட்டியது. லப்டொப்பில் இருந்த சொச்ச சார்ஜும் ஒரு நிமிடத்தில் செத்தது.

“போட்டிருப்பன்” என்றேன்.

“போட்டிருப்பன் எண்டுறதுக்கு மார்க் இல்லை” என்று பெரியப்பா கொப்பியை மூடினார்.

அலுமாரிக்கு மேலே கிடந்த கரம் போட் இறங்கியது. அக்காவின் முகப் பவுடரைத் தூவினோம். சார்ஜ் லைட்டை ஓரத்தில் வைத்தோம். நானும் அத்தானும் ஒரு பக்கம், மருமகனும் அக்காவும் மறுபக்கம். நடுவர் பெரியப்பா. ஆட்டம் நடுவில், லைட்டைச் சற்று நகர்த்தப்போன என் சின்ன விரல் ஒரு கறுப்புக் காயைத் தட்டிவிட்டது. அரை அங்குலம் இருக்கும்.

ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லாமல் விட்டிருப்பேன். ஆனால் ஸ்னூக்கர்க்காரருடைய அந்த மரியாதை தலைக்குள் நின்று குடைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னேன்: “ஃபவுல். என்ரை கை பட்டுட்டுது.”

முதலில் யாரும் நம்பவில்லை.

“ஏன் சொன்னனீ?” என்றார் பெரியப்பா.

“உதிலை ஏதோ திட்டம் இருக்கு” என்றாள் அக்கா. “சின்ன வயசிலையிருந்து எனக்கு இவனைத் தெரியும். ஒரு காயைக் குடுத்து மூண்டு காய் எடுப்பான்.”

என் பக்கத்து ஆளான அத்தானுக்குத்தான் கூடுதல் கோபம். “என்னைக் கேக்காமல் நீர் எப்பிடி ஒப்புக்கொள்ளுவீர்?” பட்ட காய் எங்கே இருந்தது, எங்கே வைப்பது, சாட்சியில்லாத ஒப்புதல் செல்லுமா, அப்படிச் செல்லுமென்றால் 1994 இல் வாசிகசாலையில் நடந்த ஒரு சம்பவத்தையும் திரும்ப விசாரிக்கவேண்டாமா என்று நியாயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் ஏறின. கடைசியில் பெரியப்பா கையை உயர்த்தினார்.

“நான் காணேல்லை. நான் காணாதது நடக்கேல்லை. ஃபவுல் இல்லை.”

“தாத்தா, நான் கண்டனான்!” மருமகன் எழும்பிவிட்டான்.

“நீ எதிர்க்கட்சி. உன்ரை சாட்சி செல்லாது.”

மூன்று நாளாகப் பிழை விடாத நடுவரின் பெருமை பேசியவன், போட்டில் கையால் அடித்தான். காய்கள் துள்ளின. “சொறி தாத்தா, ஆனா இது அநியாயம்! மாமாவே ஒத்துக்கொண்டிட்டார். கொஞ்சம் முன்னம் அம்மாவின்ரை கை கோட்டிலை பட்டதுக்கு மட்டும் எப்பிடி ஃபவுல் குடுத்தனீங்கள்?”

அந்த நேரம் கரண்ட் வந்தது. மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கிப் பவுடரைப் பறத்தியது. மூலையில் லப்டொப் சார்ஜ் ஏறத் தொடங்கிச் சின்னதாய் ஒரு வெளிச்சம் காட்டியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பெரியப்பா அந்தத் தீர்ப்பை நியாயப்படுத்தச் சீ.ஆர். கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

நான் மருமகனுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். ஒரு மார்க் வெட்டினது, ‘சொறி’ என்று தொடங்கினதுக்கு.