என்ன பூசினனீ?

பொனற்றைத் தூக்கி, றேடியேற்றர் தண்ணியைத் திறந்து விட்டு, முதல் நட்டில் ஸ்பானரைக் கொழுவும்போதே ஊர்ப் பெரியவர் ஒருவர் படலையடியில் நிற்பார். யார் சொன்னது என்று கேட்கக்கூடாது. செத்தவீட்டுக்குப் பறை போனதுபோல, மொறிஸ் மைனருக்கு ஹெட் கழற்றும் செய்தி அவருக்கு எப்படியோ போய்விடும். சைக்கிளைப் பூவரசில் சாத்துவார். ஒயில் மூடியைத் திறந்து பார்ப்பார். உள்ளே பால் கோப்பி நிறத்தில் நுரை.

“ஹெட் கஸ்கெட்டோ தம்பி?”

“ஓம்.”

“என்ன பூசப் போறாய்?”

ஒன்றும் பூசுவதில்லை என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். தேங்காய்ப்பூ போடாமல் புட்டு அவிக்கப் போவதாகச் சொன்னதுபோல் என்னைப் பார்த்தார். பிறகு என் அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் உயிரோடு இருந்திருந்தால் இதைக் கேட்டுக்கொண்டு இருப்பாரோ என்று பூவரசிடம் விசாரித்தார்.

அவர் சைக்கிள் பையில் ஒரு மருந்துக்கடையே இருக்கும். ஷெல்லாக் ஒரு போத்தல். மூடி கழராது, பல்லால் கடிப்பார். அலுமினியப் பெயின்ற் ஒரு பேணி. பழைய கிறீஸ், வாழையிலையில் சுற்றியது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சாட்சி உண்டு. ஷெல்லாக்குக்கு நெல்லியடி கேம்பிறிட்ஜ். பெயின்ற்றுக்குச் சாவகச்சேரி ஏ-40. சாட்சி சொல்ல அந்தக் கார்களும் இல்லை, காரர்களும் இல்லை. நீலப் பசைக் குழாய் ஒன்றும் வைத்திருக்கிறார். அதை எடுக்கும்போது மட்டும் குரலைத் தாழ்த்துவார். “றோல்ஸ் றொய்ஸ்காரன் விமான எஞ்சினுக்குப் பாவிச்ச சாமான்.” இது விமானமில்லை ஐயா, 948 சிசி, மாங்குளம் வரைக்கும் போனாலே பெரிய காரியம் என்றேன். “விமானத்துக்கே பிடிச்சது உனக்குப் பிடியாதோ?” என்றார். என்னத்தைச் சொல்ல?

உண்மையில் கஸ்கெட் கேட்பது மிகக் கொஞ்சம். செப்புத் தகட்டுக்கு நடுவில் அஸ்பெஸ்ரஸ் வைத்த அந்தப் பலகாரம், நசிபட்டுத்தான் அடைக்கும். ஹெட்டும் புளொக்கும் மட்டமாக இருக்கவேணும். நேர்ச்சட்டம் வைத்து, கீழே ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்கவேணும். பழைய கரியைச் சுரண்டவேணும். ஒன்பது நட்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு, சுற்றுச் சுற்றாக, 40 பவுண்டு-அடிக்கு இறுக்கவேணும். ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறுக்கவேணும். அந்த ஒன்பதில் நாலு, றொக்கரையும் சேர்த்துப் பிடிக்கிற நட்டுகள். ஆகவே இறுக்கியபின் ரப்பெற் இடைவெளியும் மாறியிருக்கும். அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்குக்குத் திரும்பச் சரிபார்க்கவேணும்.

இதில் எதற்கும் அவர் நிற்கமாட்டார். சுரண்டும்போது வெற்றிலை போடுவார். ஃபீலர் கேஜை எடுத்தால் மழை வரும்போலிருக்கு என்பார். பூச வருகிறவர் ஒருநாளும் இறுக்க வந்ததில்லை. பூசி மெழுகுவது என்று தமிழில் சும்மா சொல்லிவைக்கவில்லை. கோணல் ஹெட்டை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகக் காசும் ஒரு நாளும் வேண்டும். பூசுவதற்கு ஒரு விரல் போதும்.

போனமுறை அவர் சொல்லுக்கு விட்டுக்கொடுத்தேன். சிவப்புச் சிலிக்கனைக் கேக்குக்கு ஐசிங் போடுவதுபோல் போட்டார். மிஞ்சினது உள்ளே பிதுங்கி, அறுந்து, தண்ணியோடு போய் றேடியேற்றர் குழலை அடைத்தது. மைனரில் வெப்பமானி இல்லை. ஆவி கிளம்பினால்தான் சேதி. சேதி ஆனையிறவு வெளியில் வந்தது. நண்பகல். நிழலுக்கு ஒரு மரமில்லை. போனில் அழைத்தேன். “கொஞ்சம் கூடப் பூசியிருக்க வேணும்” என்றார்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் கிடந்தபோது, பெற்றோலைத் துளித்துளியாக ஊற்றி ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓடிய காலத்தில், புதுக் கஸ்கெட் எங்கே? பழையதைத் தோசைபோல் கிழியாமல் பெயர்த்து, நெளிவெடுத்து, கைக்குக் கிடைத்ததைப் பூசித் திரும்பப் போட்டவர் அவர். அந்தக் கார்களில்தான் பிள்ளைத்தாச்சிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பூசினால் ஓடும் என்பது அவருடைய வீம்பல்ல, கண்டறிந்தது. காலம் மாறியதை மட்டும் விரலுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்தமுறை புதுக் கஸ்கெட். ஒன்றும் பூசுவதில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி எடுக்கப் போனேன். திரும்பி வந்தால் நாலாம் சிலிண்டர்ப் பக்கம், கஸ்கெட்டின் வெளி ஓரத்தில், வெள்ளி நிறத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். அவர் வலு மும்முரமாகப் பூவரசைப் பார்த்துக்கொண்டு நின்றார். துணியை எடுத்தேன். தண்ணியும் நெருப்பும் போகாத இடந்தானே என்று வைத்துவிட்டேன்.

எஞ்சின் இப்போது நன்றாக ஓடுகிறது. தன் கைப்பூச்சுத்தான் காரணம் என்று அவர் சந்தியில் சொல்லித் திரிகிறார், சனமும் தலையாட்டுகிறது. இரவு பத்து மணிக்கு, ஆறின எஞ்சினில் ஒன்பது நட்டையும் இரண்டாந்தரம் இறுக்கும்போது நுளம்புக்கடியோடு ரோச் பிடித்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி.