ஒளிய இடமில்லாத வகுப்பு

கேள்வி: அமெரிக்காவிலுள்ள டல்லாஸ் சர்வகலாசாலை போன்ற சிறிய கத்தோலிக்க ஸ்தாபனத்தில் படிப்பு உருப்படியாக நடக்குமா, ஜபத்தோடு முடிந்துவிடுமா?

பதில்: ஜபம் உண்டு, ஆனால் ஜபம் செய்தவனுக்குப் பரீட்சையில் சலுகை கிடையாது! டெக்ஸாஸ் மாகாணத்து இர்விங் நகரில் 1956-இல் திறக்கப்பட்ட அந்தச் சர்வகலாசாலையில், ரசாயனம் பயில வந்தவனாயினும் வர்த்தகம் பயில வந்தவளாயினும், ஹோமரின் இலியத்தையும் பிளேட்டோவின் குடியரசையும் வேதாகமத்தையும் மூலநூலாகவே வாசித்து, வாசித்ததைப் பற்றி வாய் திறந்து விவாதித்தாக வேண்டும். வகுப்போ சிறியது, கடைசி பெஞ்சில் ஒளிந்து காலம் தள்ளும் கலைக்கு அங்கே இடமில்லை. இரண்டாம் ஆண்டில் மாணவரில் பெரும்பாலோர் ரோமாபுரிக்கு வெளியே திராட்சைத் தோட்டத்தோடு கூடிய அதன் கிளையில் ஒரு பருவம் தங்கி, கிரேக்க துன்பியல் நாடகங்களைப் படித்து, கிரீஸ் தேசத்துக்கே சென்று, அவை பிறந்த மண்ணை மிதித்துத் திரும்புகிறார்கள். 1970 முதல் நடந்துவரும் இந்த ஏற்பாடு ஒன்றுக்காகவே அந்த ஸ்தாபனத்தை மனமார வாழ்த்தலாம். செலவு அதிகந்தான். ஆயினும், வாசிப்பில் ருசியுள்ள பிள்ளையாயின் தயங்காமல் அனுப்புங்கள். உபகாரச் சம்பளத்துக்கு மட்டும் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.