ஆயிரத்துக்கு ஜப்தி, கோடிக்கு வாய்தா

இருங்காட்டுக்கோட்டையில் வண்டியை விரட்டி ஓட்ட இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் கட்டிய பந்தயத் தடம். 1990இலிருந்து இருக்கிறது, சுற்று 3.7 கிலோமீட்டர். அங்கே எவ்வளவு வேகமோ அவ்வளவு பெரிய கோப்பை. இன்னொன்று, அதன் மதிலுக்கு வெளியே ஓடும் பெங்களூரு நெடுஞ்சாலை. இங்கே கோப்பை கிடையாது, சலான் உண்டு.

சுங்குவார்சத்திரத்தில் நாலு பேரோடு ஒரே அறையில் குடியிருக்கும் காண்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்ட் முடிய ஓவர்டைம் இழுத்தது. கம்பெனி பஸ் போய்விட்டது. கூட வேலை பார்ப்பவரின் செகண்ட் ஹேண்ட் பைக்கில் பின்னால் ஏறிக்கொள்கிறார். இருப்பது ஒரு ஹெல்மெட், தலையோ இரண்டு. மறுநாள் காலை கண் விழித்தால் செல்போனில் செய்தி. இணைப்பைத் தட்டினால் படம். அவர் கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு தெளிவான படம் இல்லை. 2022 அக்டோபர் வரை நூறு ரூபாயாக இருந்த இந்தக் குற்றம், அந்த மாதத்தில் ஆயிரம் ரூபாய்க் குற்றமாகப் பதவி உயர்வு பெற்றது. அவர் சம்பளத்துக்கு அப்படியொரு உயர்வு வந்ததாகத் தகவல் இல்லை.

ஹெல்மெட் போடாதது தப்புதான். கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற இந்தச் சாலையில் காலை நேரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு வைத்திருப்பதைப் பார்த்தவர்கள் யாரும் அந்தத் தப்புக்கு வக்காலத்து வாங்க மாட்டார்கள். அபராதம் போடுவதைப் பற்றி எனக்குப் பேச்சே இல்லை. அதை யாரிடம் வசூலிக்கிறார்கள், யாரிடம் வசூலிக்க மறந்துபோகிறார்கள் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

அவர் கட்டவில்லை என்று வையுங்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் விதித்த அபராதத்தையும் கட்டவில்லை என்றால், சட்டம் சோம்பல் முறித்து எழுந்து உட்காரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 421ஆம் பிரிவு, இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 461. கட்டாதவரின் அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்க வாரண்ட் போடலாம். இல்லையென்றால் மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பலாம். அவர் அந்தத் தொகையை நிலவரி பாக்கியைப் போல வசூலித்துத் தருவார். நிலவரி பாக்கியை வசூலிக்க அவர் கையில் இருப்பது 1864ஆம் ஆண்டு வருவாய் வசூல் சட்டம். கப்பல் ஏறிப்போன துரை விட்டுச்சென்ற சவுக்கு. அதை மட்டும் நாம் எண்ணெய் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இதெல்லாம் ஏட்டில் இருக்கும் பூச்சாண்டி என்று நினைத்துவிட வேண்டாம். குடித்துவிட்டு ஓட்டிப் பத்தாயிரம் கட்டாதவர்களின் வண்டி உள்ளிட்ட அசையும் சொத்துகளை நீதிமன்ற வாரண்டோடு ஜப்தி செய்வோம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023இல் அறிவித்தது. பாக்கிதாரர்களைப் போனில் கூப்பிட்டு ஞாபகப்படுத்த கால் சென்டரே திறந்தது. குடித்து ஓட்டுகிறவனுக்கு இரக்கம் வேண்டாம், சரி. ஆனால் கவனியுங்கள், அரசு நினைத்தால் கால் சென்டர் திறந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாரண்ட் வாங்கி, வீட்டு வாசலில் நிற்க முடியும். முடியாது என்று மட்டும் இனி யாரும் சொல்லக் கூடாது.

சிவில் கோர்ட் ஜப்திக்கு அமீனா வருவார். கையில் பழுப்புக் காகிதக் கட்டு, கூட ஒரு சாட்சி, முகத்தில் எத்தனையோ வீடுகளின் அழுகையைப் பார்த்த சலிப்பு. அவர் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. உடுத்தும் துணி, சமைக்கிற பாத்திரம், பாய் படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைவினைஞரின் கருவி, விவசாயியின் ஏரும் மாடும் விதைநெல்லும். இவற்றில் கை வைக்கக் கூடாது. பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குள் நுழையக் கூடாது. இரக்கமுள்ள பட்டியல்தான். ஆனால் அதில் இரவு ஷிஃப்டுக்குப் போகிறவரின் பைக் இல்லை. ஏரைக் காப்பாற்றிய சட்டம், நிலத்தை எடுத்துக்கொண்டு ஏர் பிடித்தவரை பைக்கில் ஏற்றிவிட்ட பிறகு, அந்தப் பைக்கைக் காப்பாற்ற மறந்துவிட்டது.

இனி அதே அமீனாவைப் பின்தொடர்ந்து வேறொரு வாசலுக்குப் போவோம். ஜப்தி என்றால் தமிழ்நாட்டில் பத்திரிகை படிக்கிற எவருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஏழை வீடு அல்ல, ஆட்சியர் அலுவலகம். நிலம் எடுத்தார்கள். கொடுத்த விலை போதாது என்று உடையவர் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட் கூட்டிக் கொடுத்தது. அரசு கட்டவில்லை. நிறைவேற்று மனு போட்டார். வருஷங்கள் போயின. கடைசியில் ஒருநாள் அமீனா ஆட்சியரின் காரையும் நாற்காலி, மேசை, கம்ப்யூட்டர்களையும் எடுக்க ஆணையோடு வந்து நிற்கிறார். ஒவ்வொரு மாவட்டத்திலும் நடந்த கதை, தேதியும் ஊரும் மட்டும் மாறும்.

அப்போது என்ன நடக்கும் தெரியுமா? ‘சார், உட்காருங்க’ என்பார்கள். டீ வரும். ஆட்சியர் ஆய்வுக் கூட்டத்தில் இருப்பார். ஒரு தாசில்தார் ஓடி வருவார், ஒரு அரசு வக்கீல் போனில் வருவார். ‘ஃபைல் சென்னைக்குப் போயிருக்கு, நிதி ஒதுக்கீடு வந்ததும் கட்டிடுவோம், ஒரு மாசம் டைம் கொடுங்க.’ எழுதித் தருவார்கள். நாற்காலி நாற்காலி இருந்த இடத்திலேயே இருக்கும். நிலத்தைக் கொடுத்தவர் வாடகைக்குப் பிடித்து வந்த மினி லாரி காலியாகத் திரும்பும், வாடகை அவர் தலையில். ஆயிரம் ரூபாய் சலானுக்கு நிதி ஒதுக்கீடு வரவில்லை, ஃபைல் ஊருக்குப் போயிருக்கிறது என்று நம் சுங்குவார்சத்திரத்துக்காரர் சொல்லிப் பார்க்கட்டும். அதுவும் அபராதத்தை நிலவரி பாக்கி போல வசூலிக்க வாரண்ட் வாங்குகிற அதே ஆட்சியர், தன் அலுவலக நாற்காலிக்கு வாய்தா கேட்கிறார்.

பஸ் கதை இதைவிட ருசி. நீங்களும் நானும் இன்சூரன்ஸ் இல்லாமல் வண்டி எடுத்தால் இரண்டாயிரம் ரூபாய் அபராதம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவே விலக்குத் தர வழி வைத்திருக்கிறது. ஒரு நிபந்தனை, விபத்து இழப்பீடு கொடுக்கத் தனி நிதி வைத்திருக்க வேண்டும். சரி, பஸ் மோதி ஒருவர் இறக்கிறார். தீர்ப்பாயம் இழப்பீடு சொல்கிறது. நிதி இருக்கிறதோ இல்லையோ, பணம் வருவதில்லை. மனைவியும் பிள்ளையும் கோர்ட்டுக்கு நடக்கிறார்கள். அப்புறம் ஒரு மதியம், பஸ் ஸ்டாண்டில் ஜனங்கள் சீட்டுக்குத் துண்டு போட்டு முடித்த நேரத்தில், அமீனா கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டிப் பஸ்ஸைக் கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிப் போகச் சொல்கிறார். பயணிகள் மூட்டை முடிச்சோடு இறங்குகிறார்கள். டிரைவர் திட்டு வாங்குகிறார். கையெழுத்துப் போடாத அதிகாரி எந்தப் பஸ்ஸிலும் இல்லை. அவருக்கு ஜீப் உண்டு.

2024 மே மாதக் கூத்தும் ஞாபகம் இருக்கும். நாங்குநேரியில் பஸ் ஏறிய சீருடைக் காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மாட்டேன் என்றார். கண்டக்டர் விடவில்லை. வீடியோ பரவியது. அடுத்த சில நாள், மாநிலத்தின் சாலைகளில் அரசுப் பஸ்கள் திடீரென்று குற்றவாளிகளாயின. சீட் பெல்ட் இல்லை, சீருடை இல்லை, நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினாய் என்று சலான் மேல் சலான். அந்தக் குறைகள் அதற்கு முந்தைய வாரமும் இருந்தன, அடுத்த வாரமும் இருந்தன. இரண்டு துறைகளின் செயலாளர்களும் பேசினார்கள், காவலரும் கண்டக்டரும் கட்டிப்பிடித்து வீடியோ போட்டார்கள், சட்டம் மறுபடி தூங்கப் போனது. நம்மைக் கட்டிப்பிடிக்க ஒரு செயலாளர் இல்லாததுதான் நம் குறை.

பாக்கி வைப்பதில் அரசுக்கு இன்னொரு கலையும் கைவந்தது: காலத்தையே திருப்பி எழுதுவது. இந்த இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் பகுதியில் தொழிற்பேட்டை என்றால் நிலம், நிலம் என்றால் வழக்கு. தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டுக்குத் தனியாக 1997ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. 2013இல் நாடாளுமன்றம் புதிய நில எடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. அதன் கெடுபிடி தன் சட்டங்களைத் தொடாதிருக்க 105ஏ என்று ஒரு வேலி போட்டது தமிழ்நாடு. அந்த வேலி செல்லாது என்று 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பிடுங்கி எறிந்தது. அரசு என்ன செய்தது? அதே மாதம் ஒரு சட்டம் நிறைவேற்றி, அது 2013 செப்டம்பர் 26ஆம் தேதியிலிருந்தே அமலில் இருப்பதாக எழுதிக்கொண்டது. 2021 ஜூனில் உச்ச நீதிமன்றமும் செல்லும் என்றது. செல்லும் என்றால் செல்லும். எனக்கு வந்த ஆசை வேறு. நம் ஒப்பந்தத் தொழிலாளியும் தன் நாலு பேர் அறையில் ஒரு கூட்டம் போட்டு, ‘பின்னால் உட்கார்ந்தவருக்கு ஹெல்மெட் தேவையில்லை, இது 2013 செப்டம்பர் 26 முதல் அமலுக்கு வருகிறது’ என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றி, இன்ஸ்பெக்டரிடம் நீட்டிப் பார்க்கலாமா என்றுதான்.

கம்பெனிகள் பக்கம் வருவோம். நெடுஞ்சாலையில் பெரிய பலகையோடு நிற்கும் ஹூண்டாய்க்கு இந்தியப் போட்டி ஆணையம் 2015 ஜூலையில் 420 கோடி ரூபாய் அபராதம் போட்டது. உதிரி பாகங்களை வெளியே உள்ள மெக்கானிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் வைத்திருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. 2017 ஜூனில் இன்னொன்று, 87 கோடி. நிர்ணயித்ததைவிட அதிகம் தள்ளுபடி கொடுத்த டீலர்களுக்குக் கம்பெனியே அபராதம் போட்டது என்று ஆணையம் கண்டது. படித்துவிட்டுச் சிரித்தேன், அபராதம் போட்டதற்கு அபராதம். அந்த 87 கோடியை 2018 செப்டம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தது. சாட்சியத்தை ஆணையம் சரியாக ஆராயவில்லை என்றார்கள். சட்டப்படி முறையிட்டார்கள், சட்டப்படி ஜெயித்தார்கள். குறை சொல்ல இடமில்லை.

ஆனால் அந்த வசதியின் அளவைப் பாருங்கள். போட்டி ஆணையம் இதுவரை போட்ட அபராதம் 20,000 கோடி ரூபாய்க்கு மேல் என்றும், அதில் 18,000 கோடிக்கு மேல் மேல்முறையீட்டில் தடைபட்டோ தள்ளுபடியாகியோ நிற்கிறது என்றும் நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2025இல் பதிவு செய்திருக்கிறது. ஸ்டே என்பது ஒரு சரக்கு. சீனியர் வக்கீலை வைத்து வாங்க வேண்டும். ஆயிரம் ரூபாய் சலானை எதிர்க்க ஒருநாள் கோர்ட்டுக்குப் போனால் அன்றைக்குச் சம்பளம் போச்சு, காண்ட்ராக்டர் அடுத்த நாள் வேறு ஆளை வைத்துக்கொள்வார். முறையிடும் உரிமை இரண்டு பேருக்கும் சமம்தான். பஸ் சார்ஜ்தான் வேறு.

ஜப்தி ஒரு பெரிய கம்பெனி மேல் பாய்ந்ததே இல்லையா? பாய்ந்தது. இங்கேயே, ஸ்ரீபெரும்புதூர் நோக்கியாவில். 2006இல் திறந்த ஆலை. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை உள்ளே நுழைந்தது, 2,000 கோடிக்கு மேல் பாக்கி என்றது, அதே ஆண்டு செப்டம்பரில் ஆலை உட்பட சொத்துகளை முடக்கியது. 2014 மார்ச்சில் மாநில வணிகவரித் துறை தன் பங்குக்கு 2,400 கோடி கேட்டது. கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்ற நோக்கியா, 3,500 கோடிக்கு உத்தரவாதம் தந்தால் ஆலையையும் சேர்த்து விற்கலாம் என்றது நீதிமன்றம். தரவில்லை. 2014 ஏப்ரலில் கைப்பேசித் தொழிலின் பெரும்பகுதி கைமாறியது, ஸ்ரீபெரும்புதூர் ஆலை அநாதையாக நின்றது. நவம்பர் 1ஆம் தேதி உற்பத்தி நின்றது.

பாக்கி வைத்ததாகச் சொல்லப்பட்டது யார்? கம்பெனி. கேட்டது யார்? இரண்டு அரசுகள். கட்டியது யார்? தர்மபுரியிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் பிளஸ் டூ முடித்து நேராக அசெம்ப்ளி லைனுக்கு வந்து, இருபத்தைந்து வயதில் ‘விருப்ப ஓய்வு’ என்ற தாளில் கையெழுத்துப் போட்ட பெண்கள். விருப்பமாம். இருபத்தைந்து வயதில் ஓய்வாம். அப்புறம் 2018இல் இந்தியாவும் பின்லாந்தும் உட்கார்ந்து பேசி வரி விவகாரத்தைத் தீர்த்துக்கொண்டன. அந்தப் பேச்சுவார்த்தை மேசையில் அந்தப் பெண்களுக்கு நாற்காலி போடவில்லை.

அமீனாவால் ஒன்றும் ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. கெய்ர்ன் எனர்ஜி என்ற பிரிட்டிஷ் கம்பெனிக்கு இந்திய அரசு 120 கோடி டாலர் தர வேண்டும் என்று 2020 டிசம்பரில் சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது. காரணம், முன்தேதியிட்டுப் போட்ட வரிச் சட்டம். அரசு வழக்கம்போல இழுத்தது. 2021 ஜூலையில் பிரெஞ்சு நீதிமன்ற உத்தரவோடு பாரிஸில் இந்திய அரசுக்குச் சொந்தமான சுமார் 20 சொத்துகளை முடக்கினார்கள். அங்கே யாரும் டீ கொடுத்து, ஃபைல் சென்னைக்குப் போயிருக்கிறது என்று சொல்லவில்லை போலிருக்கிறது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் கூடி அந்த முன்தேதி வரியையே கைவிட்டது. ஒரே மாதம்!

ஆகவே, சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்துவிட்டுக் கூடுதல் இழப்பீட்டுக்குக் காஞ்சிபுரம் கோர்ட் படியேறித் தேய்ந்தவர்கள் இனிமேல் பாரிஸில் மனுப் போடுவது நல்லது. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வெரிஃபிகேஷன் வரும்போது பைக் சலான் பாக்கி இல்லாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.