விசிலும் வீடியோவும்

மதுரை தங்கம் தியேட்டரில் ஒரே நேரத்தில் 2,500 பேருக்கு மேல் உட்கார்ந்து படம் பார்க்க முடிந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று எங்கள் பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். 1952 தீபாவளிக்கு வந்த ‘பராசக்தி’தான் அங்கே ஓடிய முதல் படம். என் பெரியப்பா அதை அங்கேயே பார்த்தவர். நீதிமன்றக் காட்சியில் சிவாஜி பேச ஆரம்பித்ததும் முன் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் கைதட்டல் கிளம்புமாம். தட்டினால் அடுத்த வசனம் காதில் விழாது. அதனால் தட்டிய கூட்டமே ஒருவரை ஒருவர் “உஷ், உஷ்” என்று அடக்குமாம். அடங்கின மறு நொடி இன்னொரு வசனம், மறுபடியும் கைதட்டல். “தட்டாமலும் இருக்க முடியலை, கேக்காமலும் இருக்க முடியலைடா” என்பார் பெரியப்பா. கைதட்டலில் தவறவிட்ட வசனத்தைப் பிடிப்பதற்காகவே அவர் மறுபடியும் போனார்.

தியேட்டரில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யார் பேசினாலும் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கைதட்டலும் அந்த அதட்டலும் ஒரே ஆசையில் பிறந்தவை. படத்தில் ஒன்றும் தவறிப்போகக் கூடாது என்கிற ஆசை.

நான் வளர்ந்தது மதுரைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில். கண்மாய்க் கரையை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை. பொழுது சாய்ந்ததும் கூம்பு ஸ்பீக்கரில் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டு கிளம்பும். அது கேட்டதும் ஊரே அவசர அவசரமாகச் சோற்றை இறக்கும். உள்ளே தரை, பெஞ்சு, நாற்காலி என்று மூன்று வகுப்பு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர். ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளைதான். முறுக்கும் சோடாவும் அந்த இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையில் வந்துபோகும்.

சட்டதிட்டம் எதுவும் எழுதி ஒட்டியிருக்காது. ஆனால் இருந்தது. தரையில் மணலைக் குவித்து உயரமாக உட்காருகிற பையனைப் பின்னால் இருப்பவர் ஒரு தட்டுத் தட்டிக் குவியலைக் கலைத்துவிடுவார். அவர் உறவா, அந்நியரா என்று யாரும் பார்ப்பதில்லை. பிள்ளை அழுதால், “ஏத்தா, புள்ளைக்குப் பாலைக் குடு” என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே குரல் போகும். ஏற்கெனவே படத்தைப் பார்த்துவிட்டு வந்து அடுத்த காட்சியை முன்கூட்டிச் சொல்கிறவனுக்குக் கிடைக்கிற வசவை இங்கே எழுத முடியாது. சத்தம் போடலாம், படத்தை மறைக்கக் கூடாது, கதையைக் கெடுக்கக் கூடாது. கொட்டகை முழுவதற்கும் இது தெரிந்திருந்தது.

என் அத்தை கைதட்டியே நான் பார்த்ததில்லை. ‘பாசமலர்’ எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது அதற்கு வயது பத்துக்கு மேல். அத்தை அதை முன்பே பார்த்திருந்தாள். இருந்தாலும் கடைசிக் காட்சியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பெண்கள் பக்கம் முழுக்க அதே அழுகை. இந்தப் பக்கம் ஆண்கள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. விளக்குப் போட்டதும் யாரும் யாரையும் பார்க்காமல் எழுந்து நடந்தார்கள். ஒரு படத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டை எந்த அரங்கிலும் நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. நம்பியாரும் பி.எஸ். வீரப்பாவும் திரைக்கு வந்தால் அதே அத்தை “நாசமாப் போவான்” என்று விரலை மடக்கிச் சாபம் விடுவாள். ‘ஆதிபராசக்தி’ ஓடிய வாரம் பல பெண்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சாமி வந்து ஆடியவருக்கு வேப்பிலை கொடுத்து உட்கார வைத்தார்கள். அவர்களுக்கு அது வெள்ளைத் துணியில் விழுகிற வெளிச்சம் இல்லை.

எம்.ஜி.ஆர். படமென்றால் ஆண்கள் பக்கத்துக்கு வேறு உயிர் வந்துவிடும். அவர் முகம் தெரியும் முன்பே, நடக்கிற காலைக் காட்டினாலே போதும், விசில் பறக்கும். டிக்கெட்டையும் பழைய நோட்டீஸையும் பொடிப்பொடியாகக் கிழித்து மடியில் வைத்திருப்பார்கள். வீசினால் புரொஜெக்டர் வெளிச்சத்தில் அந்தத் துணுக்குகள் மின்னி இறங்கும். காசும் பறக்கும். அன்றைய கூலியில் பாதியைத் திரையின் மேல் எறிந்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். படம் நடுவில் அறுந்தாலோ கார்பன் மங்கிப் படம் இருண்டாலோ ஆபரேட்டருக்கு அர்ச்சனை விழும். சரியாக ஓட்டினால் அவருக்கும் ஒரு விசில் உண்டு. பாட்டுக்கு “ஒன்ஸ்மோர்” கேட்டு, மனமிரங்கிய ஆபரேட்டர் ரீலைச் சுற்றி மறுபடி ஓட்டியதும் உண்டு. நாடக மேடையில் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டுப் பழகிய ஜனம் அந்த உரிமையைக் கொட்டகைக்கும் எடுத்துக்கொண்டு வந்தது.

அந்தக் காலம் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். பீடிப் புகையில் கண் எரியும். நகரத்துத் தியேட்டர்களில் டிக்கெட் எடுக்கும் கூண்டுக்குள் ஆள் மேல் ஆள் ஏறிப் போவார்கள். சட்டை கிழிந்து முழங்கை சிராய்த்துத்தான் வெளியே வருவார்கள். திரையைக் கிழித்ததும் எதிர்த் தரப்பு நடிகரின் ரசிகரை அடித்ததும் நடந்தவைதான். எல்லாவற்றையும்விட, தனியாகப் படத்துக்கு வந்த பெண் இருட்டில் கேட்க வேண்டியிருந்த பேச்சு மன்னிக்க முடியாதது. பொது இடங்களில் புகைக்க 2008 அக்டோபரில் தடை வந்ததும், பெண்கள் தோழிகளோடு இரவுக் காட்சிக்குப் போய்த் திரும்புவதும் நல்ல மாற்றங்கள். அவற்றை விட்டுக்கொடுத்து எந்தப் பழைய விசிலும் எனக்கு வேண்டாம்.

ஆனால் ஒன்றைக் குறைத்துச் சொல்ல முடியாது. தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகை என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, கையில் இருந்த காசு தீர்மானித்தது என்றார். எல்லா ஊரிலும் அது முழுக்க நடந்தது என்று நான் வாதாட மாட்டேன். எங்கள் கொட்டகையில், பகலில் ஒரே தெருவில் சேர்ந்து நடக்காதவர்கள் இரவில் ஒரே மணலில் உட்கார்ந்து ஒரே இடத்தில் கைதட்டினார்கள். அதை நான் பார்த்தேன்.

சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு வேறு பழக்கங்களைக் கண்டேன். சஃபையரிலும் தேவியிலும் இங்கிலீஷ் படத்துக்கு ஜனம் அமைதியாக உட்காரும். சஃபையர் வளாகத்து புளூ டைமண்டில் தொடர்காட்சி. எப்போது வேண்டுமானாலும் நுழையலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கலாம். வெயிலுக்கு ஒதுங்கித் தூங்குகிறவர்கள் அங்கே தனி இனம். அந்த வளாகம் இப்போது இல்லை. சாந்தியும் இல்லை, உதயம் 2024-ல் மூடியது. மதுரையில் தங்கம் இருந்த இடத்தில் ஜவுளிக்கடை நிற்கிறது.

விசில் மாறியதற்கு எனக்கு ஒரு கணக்கு உண்டு. 1992-ல் ‘அண்ணாமலை’யில் ரஜினிக்கு எழுத்து எழுத்தாக வருகிற ‘சூப்பர் ஸ்டார்’ டைட்டில் கார்டு முதலில் வந்தது. அன்று அரங்கத்தை அதிர வைத்தவர்களில் நானும் ஒருவன், அது உண்மையான சந்தோஷம். ஆனால் அதன் பிறகு படங்களே விசிலுக்கு இடம் விட்டுத் தயாராகி வர ஆரம்பித்தன. நாயகன் திரும்பிப் பார்ப்பார், படம் மெதுவாகும், இசை ஏறும், இந்த இடத்தில் கத்து என்று படமே சொல்லும். ‘பராசக்தி’ ஜனத்துக்கு எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. வசனத்தைக் கேட்டார்கள், உறைத்தது, தட்டினார்கள்.

கொண்டாட்டம் முற்றிப்போனதன் விலையையும் பார்த்துவிட்டோம். 2023 பொங்கலுக்கு ‘துணிவு’ வெளியான அதிகாலை, சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த லாரியின் மேல் ஏறி ஆடிய 19 வயது இளைஞர் குதித்தபோது அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு அதிகாலைக் காட்சிகள் நின்றன. அதே ஆண்டு ‘லியோ’வுக்கு முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அந்த முடிவு சரி. ஒரு படத்துக்காக ஒரு வீட்டுப் பிள்ளை சாகக் கூடாது.

இப்போது மல்டிபிளெக்ஸ். குளிர்ச்சி, சாய்மான நாற்காலி, காதைச் சுற்றி வருகிற ஒலி. சத்தமில்லாத ஜனம். முதலில் இது பண்பாடு என்றுதான் நினைக்கத் தோன்றும். பத்து நிமிடம் போனதும் இருட்டில் அங்கங்கே சதுரம் சதுரமாக வெளிச்சம் முளைக்கும். ஒருவர் மெசேஜ் பார்க்கிறார். ஒருவர் இடைவேளைக்கு என்ன வாங்கலாம் என்று தேடுகிறார். ஒருவர் தாழ்ந்த குரலில் ஆபீஸ் பேச்சு. அண்மையில் ஒரு படத்தில், எனக்கு இரண்டு இருக்கை தள்ளியிருந்த பாட்டி திரையில் நடந்த அநியாயத்தைத் தாங்காமல் “அடப்பாவி, இப்படிப் பண்ணுவியா?” என்று வாய்விட்டுச் சொன்னார். முன்வரிசைக்காரர் திரும்பி அவரை அமைதியாக இருக்கச் சொன்னார். திரும்பியபோது அவர் கையில் இருந்த போன் வெளிச்சம் பாட்டி முகத்தில் அடித்தது. அந்த வரிசையிலேயே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பாட்டி ஒருவர்தான். வாயை மூடியது அவர்.

முதல் நாள் காட்சியில் மட்டும் சத்தம் மிச்சமிருக்கிறது. அங்கேயும் நாயகன் வருகிற நொடியில் நூறு கைகள் உயர்கின்றன, ஒவ்வொன்றிலும் போன். போன் பிடித்த கையால் கைதட்ட முடியாது. திரையைப் படம் பிடிப்பது குற்றமும்கூட. 2023-ல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டத்தின்படி திருட்டுத்தனமாகப் பதிவு செய்தால் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதம். படம் விட்டதும் வாசலில் மைக்கோடு நிற்கிறார்கள். உள்ளே வராத கண்ணீரும் கூச்சலும் அந்த மைக் முன்னால் வருகின்றன. தியேட்டர் வளாகத்துக்குள் யூடியூப் சேனல்களை விடாதீர்கள் என்று தயாரிப்பாளர் சங்கம் ஒன்று 2024 நவம்பரில் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு அது வளர்ந்திருக்கிறது.

என் அண்ணன் மகனிடம் இதைக் கேட்டேன். “படத்தைப் பார்க்காமல் எதுக்குப்பா எடுக்கிறே?”

“படம் எப்படியும் ஒரு மாசத்துல ஓடிடில வந்துரும் சித்தப்பா. இந்தக் கூட்டம் வராதுல்ல?”

அவன் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. முன்பின் தெரியாத நூறு பேரோடு ஒரே நொடியில் ஒரே உணர்ச்சியில் இருக்க அவனும் ஏங்குகிறான். அதைக் கையில் பிடித்து வைக்கிற அவசரத்தில் அதற்குள்ளே இல்லாமல் போகிறான். அந்தப் போனுக்கும் ஒரு நல்ல பேர் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 2023 மார்ச்சில் சென்னையில் ஒரு தியேட்டர் வாசலில், கையில் டிக்கெட்டோடு ‘பத்து தல’ பார்க்க வந்த நரிக்குறவர் குடும்பத்தை உள்ளே விட மறுத்தார்கள். பக்கத்தில் இருந்த ரசிகர்கள் தட்டிக் கேட்டார்கள், அதை வீடியோ எடுத்தார்கள். ஊர் முழுக்கக் கோபம் பரவியது. பிறகு அந்தக் குடும்பம் உள்ளே போனது. தியேட்டர் ஒழுங்கு என்று எதையாவது போற்றுவதென்றால் அந்த ரசிகர்கள் அன்று செய்ததைத்தான் போற்றுவேன். டிக்கெட் எடுத்த எவரும் உள்ளே வரலாம் என்பதற்குப் பிறகுதான் மற்ற மரியாதையெல்லாம்.

ஆணை போட்டு வருகிற மரியாதையையும் பார்த்தோம். படத்துக்கு முன் தேசிய கீதம் கட்டாயம் என்று 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது; 2018 ஜனவரியில் அந்தக் கட்டாயத்தை நீக்கியது. இடைப்பட்ட காலத்தில் எழுந்து நிற்காதவர்களோடு கைகலப்பு வரைக்கும் போனார்கள். உள்ளத்தில் ஊறாத மரியாதைக்குக் காவல் போட்டால் அப்படித்தான் ஆகும்.

பழைய ஆசை செத்துவிடவில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 1964-ல் வந்த ‘கர்ணன்’ 2012-ல் புதுப்பித்து வெளியானபோது நான் போயிருந்தேன். நரைத்த தலைகளுக்கு நடுவே கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள். வசனத்துக்குத் தட்டினார்கள், அடுத்த வசனத்துக்காக அடங்கினார்கள். யாரும் சொல்லித் தரவில்லை.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அடுத்த படத்துக்குப் போகும்போது போனை அணைத்துப் பைக்குள் வையுங்கள். நல்ல வசனம் வந்தால், நல்ல பாட்டு வந்தால், கூச்சப்படாமல் கைதட்டுங்கள். பக்கத்தில் யாராவது அழுதால் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். தியேட்டர்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: படம் முடிந்து, உழைத்தவர்களின் பெயர்கள் ஓடி முடிகிற வரைக்கும் விளக்கைப் போடாதீர்கள்.