கடைசித் தேதியில் கல்விக்கூடம் மீளல்: ஒரு திணையியல் அணுகல்

1. முன்னுரை
மகளின் சாதிச் சான்றிதழை ஜெராக்ஸ் எடுக்கப் போன நாற்பத்தேழு வயதுக்காரர் ஒருவர், தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. வரலாற்றுக்கு விண்ணப்பித்துவிட்டு வீடு திரும்பினார். அவர் இக்கட்டுரையாளரே. இச்செயல் ‘திடீர்க் கிறுக்கு’ எனப்படும் (மனைவி, அடுப்படி உரை, முதல் விசில்). அது திடீர்தானா என்பதே ஆய்வுச் சிக்கல். கிறுக்கா என்பது சிக்கலன்று. வீட்டில் அனைவரும் ஒப்புக்கொண்டது.

2. ஆய்வு எல்லை
எங்கள் தெரு.

3. முன்னாய்வுகள்
இப்பொருளில் முன்னாய்வுகள் இல்லை என்று எழுதுவது மரபு. தேடிப் பார்க்காமல் எழுதுவது அம்மரபின் உயிர். ஆயினும் கேரளத்தின் கார்த்தியாயினி அம்மா 2018இல், தம் 96ஆம் வயதில், எழுத்தறிவுத் தேர்வெழுதி நூற்றுக்கு 98 வாங்கியதைச் செல்பேசியில் காட்டி மகள் ஆய்வைக் குலைத்தாள். கட்டுரையாளர் பி.ஏ.வில் வாங்கிய மதிப்பெண் ஆய்வு எல்லைக்கு வெளியே உள்ளது.

4. திணைப் பகுப்பு
அகத்திணை ஏழென்பர். எட்டாவது ‘கடைத்தேதித் திணை’.

முதற்பொருளில் நிலம், ஜெராக்ஸ் கடையும் கடை சார்ந்த இடமும். பெரும்பொழுது கடைசித் தேதி; சிறுபொழுது ஷட்டர் பாதி இறங்கிய நேரம். நெய்தலுக்குரிய எற்பாடு காலையா மாலையா என்று உரையாசிரியர்கள் மாறுபட்டதுபோல் இங்கு மாறுபட வழியில்லை. “சார், கடை சாத்தணும்” என்று கடைக்காரரே தெளிவுரை சொல்லிவிடுகிறார்.

கருப்பொருள்: தெய்வம், சர்வர். நினைத்தால் எழும், நினைத்தால் விழும். கட்டணத்தை விழுங்கிவிட்டு வரம் தராமலும் இருக்கும். உணா, ஆறிய டீ. மா, கடைவாசலில் படுத்திருக்கும் நாய். புள், இரவாதலின் உறங்கின. பறை, பிரிண்டர். செய்தி, ஓ.டி.பி. எதிர்நோக்கல். யாழ் இல்லை, கடைக்காரரின் செல்பேசியில் இளையராஜா உண்டு.

உரிப்பொருள், பதறலும் பதறல் நிமித்தமும். நிமித்தங்களுள் தலையாயது மாற்றுச் சான்றிதழ். அது பீரோவில் இருந்தது என்பது ஒரு சாரார் கொள்கை (கட்டுரையாளர்). பரணில் இருந்தது என்பர் மற்றொரு சாரார் (மனைவி, அடுப்படி உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, மூன்றாம் விசிலுக்குப் பின்; மகளின் அணிந்துரையுடன்; மாமியார் தொலைபேசி வழி அருளிய மறுப்புரையும் ஒப்புநோக்குக). கிடைத்தது தையல் மெஷின் இழுப்பறையில். இரு சாராரும் தத்தம் கொள்கையை இன்றுவரை கைவிடவில்லை. ஆய்வுலகுக்கு இது புதிதன்று.

அச்சான்றிதழில் நடத்தை என்ற இடத்தில் ‘நன்று’ என்றிருந்தது. எழுதிய தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்க்காமலே எழுதினார் என்பது நேரில் கண்ட சான்று. வாசிக்காத ஆய்வேட்டை ‘ஆழமானது’ எனப் பாராட்டும் புறத்தேர்வாளர் மரபுக்கு அவரே முன்னோடி.

5. கருதுகோள்
எம்.ஏ. படிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தது பி.ஏ. முடித்த வாரம். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985 முதலும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002 முதலும் கதவைத் திறந்தே வைத்திருக்கின்றன. அதுதான் கோளாறு. திறந்த கதவைப் பார்த்தால் ‘நாளைக்குப் போகலாம்’ என்று தோன்றும். சாத்தப்போகிறார்கள் என்றால்தான் கால் நகரும். ஆகவே திடீரென்று வந்தது முடிவன்று, தேதி.

6. முடிவுரை
மறுநாள் காலை பல்கலைக்கழக அறிவிப்பு வந்தது: விண்ணப்பிக்கக் கடைசித் தேதி ஒரு மாதம் நீட்டிப்பு. “அவசரப்பட்டுட்டீங்களே சார்” என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

நீட்டிப்பு ஒருநாள் முந்தி வந்திருந்தால் சாதிச் சான்றிதழோடு மட்டும் வீடு திரும்பியிருப்பேன் என அறிய முடிகிறது.

7. மேலாய்வுக்குரிய களங்கள்
முதல் பருவப் பாடநூல்கள் வந்துவிட்டன. பார்சல் பிரிக்கப்படவில்லை. தேர்வுத் தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.